அம்மா பெட்டியில் 'அக்கரை வெள்ளி' இருக்கிறதா?



தங்க நகையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதுகிறோம், படிக்கிறோம். பழைய வெள்ளிக் காசு பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நாகப்பட்டினம், மன்னார்குடி, காரைக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்தில் யாராவது ஒருத்தர் மலாயாவுக்கோ பினாங்குக்கோ கப்பல் ஏறியிருப்பார்கள். அவர்கள் கொண்டு வந்த ராஜா தலை போட்ட பெரிய பெரிய காசுகள் இன்னமும் மஞ்சள் துணி முடிச்சில், பீரோவின் அடித்தட்டில், புடவைக்கு அடியில் கிடக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் போனபிறகு அந்த முடிச்சை அவிழ்க்கிறவர்கள் நாம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காசுகளை எங்கள் வீட்டில் 'அக்கரை வெள்ளி' என்பார்கள். அது டாலர் என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. மலாயாத் தமிழர்கள் டாலரைச் சொன்ன சொல்லே 'வெள்ளி'தான். இன்றைக்கும் சிங்கப்பூரில் "இது பத்து வெள்ளி" என்றுதான் தமிழ் ஜனங்கள் விலை சொல்கிறார்கள். காசு காகிதமாகியும் பேர் மட்டும் வெள்ளியாகவே நின்றுவிட்டது, பாருங்களேன்!

என் அம்மாவின் தாத்தா பினாங்குக்குப் போனவர். அம்மாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இரண்டு பேரும் சேர்த்து அனுப்பியது, கொண்டு வந்தது எல்லாம் நிலமாகி, கல்யாணமாகி, கரைந்து போனது போக மிச்சம், அம்மாவின் சிறுவாட்டு முடிச்சில் இருந்த 27 டாலர் காசும் ஒரே ஒரு ரூபாய்க் காசும். அப்பாவுக்குக்கூட அதன் கணக்கு தெரியாது. அம்மா தவறிப் போன வருஷம் திதி முடிந்த மறுநாள் அக்காதான் முடிச்சை அவிழ்த்தாள். நாங்கள் மூன்று பெண்கள். 27-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்பது. "ஆளுக்கு ஒம்பது எடுத்துக்கிட்டு வேலையப் பாருங்கடி. அந்த ஒத்தை ரூபாய சாமி உண்டியல்ல போட்டுருவோம்" என்றாள் அக்கா.

அக்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் பாகம் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எங்கள் தங்கச்சி எப்போதும் கடைசியாக எடுக்கிறவள். தோசையானாலும் சரி, தீபாவளிப் புடவையானாலும் சரி, மற்றவர்கள் எடுத்தது போக நிற்பதுதான் அவளுக்கு. அன்றைக்கும் பெரிய பெரிய காசாக அக்கா தன் பக்கம் ஒதுக்க, தங்கச்சி பக்கம் சேர்ந்ததெல்லாம் சின்னக் காசு. வீட்டுக்காரரை இழந்தவள். பெண்ணை நர்ஸிங் படிப்பில் சேர்க்க ஜூன் மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும். "எனக்கு எதுவானாலும் சரிக்கா" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், விசாரிச்சுட்டுப் பிரிப்போம்" என்று சொல்லி முடிச்சை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் டவுனில் ஒரு வெள்ளிக்கடைக்குப் போனோம். (பெயர் வேண்டாம்.) கடைக்காரர் கைக்கு வந்த ஒரு காசை எடுத்து உரைத்துப் பார்த்தார். "பாதிதாம்மா வெள்ளி. மீதி செம்பு" என்றார். அப்புறம் 27 காசையும் ஒரே தட்டில் கொட்டி எடை போட்டார். 568 கிராம். "பாதி வெள்ளின்னா 284 கிராம். அதுலயும் உருக்குறதுல சேதாரம் போகும்" என்று ஒரு தொகை சொன்னார். அவர் உரைத்துப் பார்த்தது பொய்யில்லை. ஆனால் எந்தக் காசை உரைத்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஸ்டாம்பும் காசும் சேர்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. எல்லோருக்கும் அவர் போஸ்ட் மாஸ்டர் சார். முடிச்சைக் கொண்டு போய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு காசாக ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பார்த்தார். "இது ஒரே காசு இல்லம்மா. நாலு விதமான காசை ஒரே முடிச்சுல கட்டி வச்சிருக்காங்க" என்று சொல்லிப் பிரித்து அடுக்கிக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கும் கண் திறந்தது.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்று வெள்ளைக்காரன் வைத்திருந்தான். முதலில் அங்கே மெக்சிகோ நாட்டு டாலரும், கிழக்கு நாட்டு வியாபாரத்துக்காக வெள்ளைக்காரன் அடித்த வர்த்தக டாலரும்தான் புழங்கின. 1903-ல் அந்த ஊருக்கென்றே தனி டாலர் அடித்தார்கள். அதை அடித்த இடம் நம்ம பம்பாய் நாணயச் சாலை! மறு வருஷம், 1904-ல், பழைய மெக்சிகோ டாலரும் வர்த்தக டாலரும் அங்கே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்த முதல் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் நல்ல பெரிய காசு. எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. குறுக்களவு 37 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 1906-ல் ஒரு டாலர் என்றால் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பை நிறுத்தினார்கள். அந்தச் சமயம் பார்த்து வெள்ளி விலை ஏறிவிட்டது. காசின் மதிப்பைவிடக் காசில் இருக்கிற வெள்ளிக்கு மதிப்பு கூடிவிட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? உருக்கிவிடுவார்கள். அதனால் 1907-ல் காசையே சின்னதாக்கி விட்டார்கள். தொண்ணூறு பங்கு வெள்ளிதான், ஆனால் எடை 20.21 கிராம். முதல் உலக யுத்தம் வந்ததும் மறுபடி வெள்ளி விலை ஏறியது. 1919-ல் அடித்த டாலரில் எடையும் குறைந்து 16.85 கிராம் ஆனது, வெள்ளியும் சரிபாதியாகிப் போனது. நம்ம ஊர் ஓட்டலில் விலையை ஏற்றாமல் இட்லியைச் சின்னதாக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இப்போது கணக்கைப் பாருங்கள். 1903, 1904 காசில் சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். 1907, 1908, 1909 காசில் சுமார் 18 கிராம். 1919, 1920 காசில் எட்டரை கிராம்கூட இல்லை. மூன்றும் 'ஒரு டாலர்'தான். மூன்றிலும் ராஜா தலைதான். ஆனால் முதல் காசு ஒன்றுக்குக் கடைசிக் காசு மூன்று கொடுத்தால்தான் ஏறக்குறைய ஈடாகும். அக்கா ஒதுக்கினபடி ஒருத்தி ஒன்பது பெரிய காசை எடுத்திருந்தால் 216 கிராம் வெள்ளி. இன்னொருத்தி ஒன்பது சின்னக் காசை எடுத்திருந்தால் 76 கிராம். எண்ணிக்கை ஒன்றுதான், பாகம் எங்கே ஒன்று?

வருஷம் தேய்ந்து போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ராஜா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்க்கச் சொன்னார். 1903 முதல் 1909 வரை ஏழாம் எட்வர்ட். கிரீடம் வைத்துக்கொண்டு நமக்கு வலது பக்கம் பார்ப்பார். 1919-க்கு அப்புறம் வந்தவர் ஐந்தாம் ஜார்ஜ், இடது பக்கம் பார்ப்பார். எட்வர்ட் காசுக்குள்ளேயே பெரியது எது, நடுத்தரம் எது என்பது கையில் எடுத்தாலே தெரியும். நடுத்தரத்துக்கும் ஜார்ஜ் காசுக்கும்தான் அகலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே ராஜா முகமும் தராசும்தான் சாட்சி. விளிம்பையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் ரம்பப் பல் மாதிரி வரி வரியாக, ஒழுங்காக இருக்க வேண்டும். மலாய் பாஷையில் டாலரை 'ரிங்கிட்' என்று சொல்வதே அந்தப் பல்லு விளிம்பினால் வந்த பேராம். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடாமல் இருப்பதற்காக அப்படி அடிக்கிறது.

நாலாவது வகை வேறு. ஒரு பக்கம் ராஜா தலையே கிடையாது. கையில் சூலம், பக்கத்தில் கேடயத்தோடு ஒரு பொம்பளை கம்பீரமாக நின்றுகொண்டிருப்பாள். எங்கள் அம்மா அதைக் 'காளி காசு' என்பாள். அது காளி இல்லை, 'பிரிட்டானியா' என்று வெள்ளைக்காரன் தன் தேசத்துக்கு வைத்துக்கொண்ட உருவம். அதுதான் நான் முன்னே சொன்ன வர்த்தக டாலர். 1895-ல் ஆரம்பித்து 1935 வரை அடித்தார்கள். பெரும்பாலும் பம்பாயிலும், கொஞ்சம் கல்கத்தாவிலும். சூலத்தின் நடு முனையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பொடிசாக 'பி' என்ற ஆங்கில எழுத்து தெரியும். அது பம்பாய். கல்கத்தா என்றால் காலடியில் 'சி' இருக்கும். இந்தக் காசும் 26.95 கிராம், தொண்ணூறு பங்கு வெள்ளி. ஆனால் அகலம் 39 மில்லிமீட்டர், ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரைவிடக் கொஞ்சம் கூட. எங்களிடம் இருந்த நாலும் 1897 முதல் 1902 வரைக்குள் அடித்தவை. கொள்ளுத் தாத்தா காலத்துக் காசு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பின்பக்கம் சிக்குக் கோலம் போட்ட மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும். அதற்குள் சீன எழுத்தும், அரபு லிபியில் மலாய் எழுத்தும் 'ஒரு டாலர்' என்று சொல்கின்றன. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா இதை ஏதோ எந்திரத் தகடு என்று நினைத்துப் பூஜையில் வைத்துக் குங்குமம் அப்பி வைத்திருந்தார்கள்! சிரிக்காதீர்கள், பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் நாலு 'காளி காசில்' ஒன்றில் முத்திரை முத்திரையாகக் குத்தியிருந்தது. யாரோ ஆணி வைத்து அடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தோம். அது சீனத்து வட்டிக்கடைக்காரர்கள், காசு மாற்றுகிறவர்கள், "இது நல்ல வெள்ளி, நான் பார்த்துவிட்டேன்" என்று குத்தின அடையாளமாம். அதற்கென்றே ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு என்றார் சார். இன்னொன்றில் கொக்கி பற்ற வைத்திருந்தது. கழுத்தில் கோத்துப் போடுவதற்காகப் பத்தர் பொடி வைத்து ஊதினது. "இத வெள்ளி கணக்குலதாம்மா பார்க்கணும். காசு சேக்கிறவன் தொட மாட்டான்" என்றார். கொக்கியைப் பிய்த்து எடுத்தாலும் தழும்பு போகாது. எனக்கென்னவோ அந்தக் கொக்கிக் காசுதான் ரொம்பப் பிடித்தது. யார் கழுத்தில் கிடந்ததோ!

வெள்ளிக்கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உரைத்துப் பார்த்தது 1920-ஆம் வருஷத்துக் காசை. அது பாதி வெள்ளிதான், சரி. ஆனால் எங்கள் 27-ல் அந்த ரகம் பத்துதான். அந்தப் பத்தின் எடை 168 கிராம், அதில் வெள்ளி 84. மீதிப் பதினேழு காசும் 400 கிராம், அதில் தொண்ணூறு பங்கு என்றால் 360. ஆக மொத்தம் 444 கிராம் வெள்ளி. கடையில் சொன்னது 284. அறுபதும் நூறுமாக 160 கிராம் வெள்ளி காற்றோடு போயிருக்கும். தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அது அவர் மனசுக்குத் தெரியும். விற்கிறதானால் ரகம் ரகமாகப் பிரித்து, ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். கலந்து கொட்ட விடாதீர்கள். இப்போது பெரிய கடைகளில் உரைக்காமல், உருக்காமல், உலோகத்தின் மாற்றைக் காட்டுகிற மெஷின் வைத்திருக்கிறார்கள். ரகத்துக்கு ஒன்று வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

வீட்டிலேயே செய்கிற ஒரு பரீட்சையும் சார் சொல்லிக் கொடுத்தார். இந்த டாலர்களில், அதுவும் வர்த்தக டாலரில், போலி நிறைய வந்துவிட்டதாம். முதலில் காந்தம். வெள்ளியில் காந்தம் ஒட்டவே கூடாது. ஒட்டினால் அத்தோடு விட்டுவிடலாம். ஒட்டாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. அடுத்து எடை. புழங்கித் தேய்ந்த காசு கால் கிராம், அரை கிராம் குறையலாம். 26.95 இருக்க வேண்டியது 21, 22 என்று காட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். அதற்கப்புறம்தான் தண்ணீர்ப் பரீட்சை. பத்தில் ஒரு பங்கு கிராம் வரை காட்டுகிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, சைபர் ஆக்கிக்கொள்ளுங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 26.9 கிராம் காசு 2.6 காட்டினால், 26.9-ஐ 2.6-ஆல் வகுக்க வேண்டும். பத்தேகால், பத்தரைக்குள் வந்தால் தொண்ணூறு பங்கு வெள்ளிக்குப் பொருத்தம். பித்தளை என்றால் எட்டு, எட்டரைதான் வரும். பாதி வெள்ளிக் காசு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். என் பேரன் இதைச் செய்து பார்த்துவிட்டு வீட்டிலிருக்கிற டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் தண்ணீரில் முக்க ஆரம்பித்துவிட்டான், அது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் வீட்டில் கூடினோம். சார் எழுதிக் கொடுத்த கணக்கை அக்கா முன்னால் வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "எனக்கு என்னடி தெரியும், எல்லாம் டாலருன்னுதான நினைச்சேன்" என்றாள். அதற்கப்புறம் அவளே உட்கார்ந்து பிரித்தாள். பெரிய ரகம் வர்த்தக டாலரையும் சேர்த்து ஒன்பது, ஆளுக்கு மூன்று. நடுத்தரம் எட்டு, சின்னது பத்து. அக்காவுக்கும் எனக்கும் நடுத்தரம் மூன்று, சின்னது மூன்று. தங்கச்சிக்கு நடுத்தரம் இரண்டு, சின்னது நாலு. எண்ணிக்கை ஆளுக்கு ஒன்பதுதான். ஆனால் வெள்ளியைக் கணக்குப் போட்டால் எங்களுக்கு 151 கிராம், அவளுக்கு 142. ஒன்பது கிராம் குறைகிறது. உண்டியலுக்குப் போக வேண்டிய அந்த ஒற்றை ரூபாயை எடுத்து அவள் பங்கில் வைத்தோம். அதில் வெள்ளி கிட்டத்தட்ட 10.7 கிராம். துண்டு விழுந்தது நிரம்பிப் போயிற்று. கொக்கிக் காசை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முத்திரை குத்தின காசும், வரி தேயாத ஒரு 'காளி காசும்' தங்கச்சிக்கு என்று அக்காதான் எடுத்து வைத்தாள்.

டாலர் எல்லா வீட்டிலும் இருக்காது, ரூபாய்க் காசு இருக்கும். அதனால் அதையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1835 முதல் 1939 வரை அடித்த இந்திய வெள்ளி ரூபாய் எல்லாம் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது சரியாக ஒரு தோலா. அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் பிரசவ லேகியத்துக்கு "ஒரு ரூபாய் எடை சுக்கு, அரை ரூபாய் எடை ஓமம்" என்று சொன்னது இந்தக் காசைத் தராசுத் தட்டில் வைத்துத்தான். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான். அதன் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும், விரல் நகத்தால் தடவினாலே தெரியும். புலி படம் போட்ட 1947 ரூபாய் வெள்ளியே இல்லை, நிக்கல். காந்தத்தில் டப்பென்று ஒட்டும். விக்டோரியா ராணி காசில் 1862 என்று இருந்தால் ரொம்பப் பழசு என்று துள்ள வேண்டாம். அதே வருஷத்தைப் போட்டு 1874 வரைக்கும் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், ஏராளமாகக் கிடைக்கிறது. 1911-ஆம் வருஷ ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் மட்டும் பத்திரம். ராஜா அங்கியில் இருக்கும் யானை, பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் முகம் சுளித்ததால் வெளியே விட்டதோடு நிறுத்திவிட்டு, மீதியை உருக்கி, மறு வருஷம் படத்தைத் திருத்தி அடித்தார்கள். யானைக்குத் தும்பிக்கை சரியாகப் போடாததால் வந்த வினை!

அபூர்வமான வருஷம் டாலரிலும் உண்டு. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் 1925, 1926. வர்த்தக டாலரில் 1935. லட்சக்கணக்கில் அடித்தும் அநேகமாக எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். இந்த வருஷங்கள் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் கொட்டி எடை போட வேண்டாம். நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். இந்த வருஷங்களில்தான் போலியும் ஜாஸ்தி. மற்றபடி சாதாரண வருஷத்துக் காசு, நன்றாகத் தேய்ந்ததென்றால், வெள்ளி விலைக்கு மேலே பெரிசாக எதிர்பார்க்க முடியாது. ராஜாவின் கிரீடத்து வேலைப்பாடு, தாடி மயிர் எல்லாம் கூர்மையாகத் தெரிகிற காசுக்குச் சேகரிப்பவர்கள் கூடக் கொடுப்பார்கள். அன்றைய வெள்ளி விலையைக் காசில் உள்ள சுத்த வெள்ளி எடையால் பெருக்கினால் வருவது அடி விலை. அதற்குக் கீழே கேட்கிறவரிடம் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடலாம்.

தோழிகளே, ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். காசைத் தேய்க்காதீர்கள்! கறுத்துப் போயிருக்கிறதே என்று புளி, விபூதி, சபீனா, பல்பசை என்று நம் கை சும்மா இருக்காது. குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி. காசைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழுந்து மேல்தோலே போய்விடும். சேகரிக்கிறவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைப் பாதியாக்கி விடுவார். அழுக்கு அதிகமானால் வெறும் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டக் கூடாது, ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மெத்து மெத்தென்ற பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். சாதாரணக் காகித உறை, காசுக்கு ஒன்று, போதும்.

சமீபத்தில் என் நாத்தனாருக்கு ஒரு போன். "பழைய காசு இருந்தா பல லட்சம் தர்றோம், முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கட்டுங்க" என்று. ரிசர்வ் வங்கி பெயரையும் சொன்னார்களாம். பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்கு எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. காசு வாங்குகிறவன் நமக்குப் பணம் தர வேண்டுமே தவிர, நாம் எதற்கு அவனுக்குக் கட்ட வேண்டும்? நாத்தனார் போனை வைத்துவிட்டாள், நல்ல வேளை.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்து அனுப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வருகிறது. அதைத் தனி ஆட்கள் நாட்டைவிட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கச்சி மகன் "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க பெரியம்மா" என்றான். இங்கே வந்து பார்த்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூர்க் காசு சிங்கப்பூருக்குப் போக முடியாமல் மன்னார்குடியில் உட்கார்ந்திருக்கிறது!

தங்கச்சி தன் பங்கில் சின்னக் காசு நாலையும், நடுத்தரம் இரண்டையும் வேறொரு கடையில் ரகம் பிரித்து எடை போட்டு விற்றாள். இந்தத் தடவை மெஷினில் வைத்துப் பார்த்தே விலை போட்டார்கள். பெரிய காசு மூன்றில் தேயாத காளி காசை மட்டும் போஸ்ட் மாஸ்டர் சாருக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் வெள்ளி விலைக்கு மேலேயே கொடுத்து எடுத்துக்கொண்டார். சார் கமிஷன் என்று ஒரு பைசா வாங்கவில்லை, காபி மட்டும் குடித்தார். நர்ஸிங் காலேஜ் முதல் தவணைக்குக் கையில் இருந்ததோடு இதையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். மீதி இரண்டு டாலரும் அந்த ரூபாயும் அவளிடம் இருக்கின்றன. அடுத்த வருஷம் தேவைப்பட்டால் விற்பாள், தேவைப்படாவிட்டால் பெண்ணுக்கு.

என் பங்கு ஒன்பதும் ஒன்பது காகித உறைக்குள் போய்விட்டன. ஒவ்வொன்றின் மேலும் எந்த ராஜா, எந்த வருஷம், எத்தனை கிராம், எத்தனை பங்கு வெள்ளி, யார் கொண்டு வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிறுக்கினது போல இருக்கும் என்பதால் மருமகளை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். கொக்கிக் காசு உறையின் மேல் 'யார் போட்டது என்று தெரியாது, விற்க வேண்டாம்' என்று எழுதச் சொன்னேன். "விற்க வேண்டாம்னு எழுதினா நாளைக்கு எங்க கை கட்டுப்பட்டுப் போயிடுமே அத்தை" என்கிறாள். இன்னும் எழுதவில்லை, அந்த ஒரு உறை மட்டும் காலியாக இருக்கிறது.

- ஒரு வாசகி, மன்னார்குடி.